வாயால் சொல்லச் சொன்ன செல்லக்கா

செல்லக்கா ராசிபுரத்திலிருந்து திரும்பும் நாள் என்று நான் பள்ளி வாசற்கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கண் தெரியாதவன் கண் தெரியாதவளைப் பயமுறுத்த எதற்கு ஒளிய வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒளிக்க வேண்டியது மூச்சை, அதுதான் கஷ்டம். வந்த காலடி அவளுடையது அல்ல, அவள் அண்ணனுடையது. "அவ தகரப் பெட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க," என்றார் தலைமையாசிரியரிடம். "தறிக்கு நூல் வந்துச்சு, அதத் தார்க்குச்சில சுத்த ஆளில்லைன்னு கூட்டிட்டுப் போனோம். காய்ச்சல் கண்டு தவறிடுச்சுங்க." நான் மூச்சை விட மறந்து அங்கேயே நின்றேன்.

இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னது யார் யோசனையோ தெரியவில்லை. அவளோடு அதிகம் சண்டை போட்டவன் என்பதாக இருக்கலாம்.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண் தெரியாத பிள்ளைகளுக்கான நம் சர்க்கார் பள்ளியில் செல்லக்கா என்ற செல்லம்மாள் நெடுநாள் ஒரே பெண்ணாக இருந்தாள். நெசவு வீட்டுப் பிள்ளை. அம்மை வந்து கண்ணைக் கொண்டுபோயிற்று, கணக்கை விட்டுவைத்தது. பரீட்சை முடிவு வாசிக்கும்போது "ஆண்கள்" என்று ஆரம்பித்துத் தலைமையாசிரியர் மூச்சு வாங்கும்வரை பெயர்கள் வரும். கடைசியில், "பெண்கள்: எழுதியவர் ஒருவர், தேறியவர் ஒருவர்."

"பெண்கள் முழுத் தேர்ச்சி. ஜில்லாவிலேயே முதலிடம்," என்று பின்பெஞ்சிலிருந்து முழங்குவேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மத்த பொண்ணுங்கல்லாம் எங்கடா?"

"எந்தப் பொண்ணுங்க?"

"அம்மை எல்லா ஊட்டுக்குந்தான் வந்துச்சு. பையனுக்குக் கண்ணு போனா பள்ளிக்கூடம், பொண்ணுக்குப் போனா ஊட்டு மூலை. மூலைல உக்காந்திருக்கறவங்களையும் கூட்டிப்போட்டு அப்புறம் முதலிடம் சொல்லு."



என் குரல் வித்தைகளும் அவளிடம் பலிக்காது. ஒருநாள் இன்ஸ்பெக்டர் குரலில் கனைத்தபடி வகுப்புக்குள் நுழைந்தேன். அத்தனை பையன்களும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். செல்லக்கா மட்டும் அசையவில்லை. "தொரை இன்னைக்கு பூட்ஸ மறந்துட்டு வெறுங்காலோட வந்துட்டாருபோல. உக்காருங்கடா," என்றாள்.

நிஜமான இன்ஸ்பெக்டர் வந்த நாளை நம் வகுப்பில் யாரும் மறக்கமாட்டார்கள். கணக்குக் கேட்டார். முதல் பையன் சரியான விடையைச் சொன்னான். பதிலே இல்லை. தப்புப்போலிருக்கிறது என்று விடையை மாற்றினான். அவர் பேனா கீச்சென்றது. அடுத்தவனும் அப்படியே, அதற்கடுத்து நானும் அப்படியே. செல்லக்காவின் முறை வந்தது. விடை சொன்னாள். மௌனம். அவள் மாற்றவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, தலை ஆட்டுறீங்களாங்க? எங்களுக்குச் சத்தம் வரலீங்க."

நாற்காலி நகர்ந்தது. "அடடா," என்றார் அந்த மனிதர். காலையிலிருந்து சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். "அப்படின்னா அவனுங்களையும் மறுபடி கேளுங்க சாமி. சரியாத்தான் சொன்னாங்க," என்று அவரை விடாமல் நிறுத்தி எங்களைத் தேறவைத்தாள்.

பெண்கள் கணக்கில் இன்னொன்றைக் கூட்டியதும் அவள்தான். கெங்கவல்லிக்காரர் ஒருவர் தம் சின்ன மகள் வள்ளியோடு வந்தார். விட்டுப்போக மனமில்லை. "பொட்டப்புள்ள, ராத்திரி யார்கூடப் படுக்கும்?" என்றார். "என்கூடங்க," என்றாள் செல்லக்கா. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விட்டுப்போனார்.

சொன்னவள் போய்விட்டாள். சேதி கேட்டு, போன வாரம் அவர் மகளைக் கூட்டிப்போக வந்தார். அன்று பரீட்சை. அது முடியும்வரை வராந்தாவில் காத்திருந்தார். இந்த முறை இன்ஸ்பெக்டர் புதியவர். வள்ளி கணக்குக்கு விடை சொன்னாள். மௌனம். "தலை ஆட்டுறீங்களாங்க? சத்தம் வரலீங்க," என்றது பிள்ளை. கெங்கவல்லி வாயில் அப்படியே ராசிபுரத்துப் பேச்சு. அன்றே முடிவு வாசித்தார்கள். பெண்கள்: எழுதியவர் ஒருவர், தேறியவர் ஒருவர். நான் முழங்கவில்லை.

பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் ஆத்தூர் பஸ் கரிப்புகையில் ஓடுகிறது. அடுப்புப் பற்றிக் கிளம்ப நேரமாகும். அவர்களை வழியனுப்பப் போன எனக்கு அந்த நேரம் உதவியது.

"பாப்பா பாஸ் பண்ணிடுச்சுங்க," என்றேன்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏனுங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அந்தப் பொண்ணு இருந்தா விட்டிருப்பேன் தம்பி. இனிமே இதுகூட யார் இருக்கா?"

வள்ளி என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

"லீவு முடிஞ்சு திருப்பி அனுப்புவீங்களா?"

பதில் இல்லை. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார்.

"தலை ஆட்டுறீங்களாங்க? சத்தம் வரலீங்க," என்றேன்.

"ஆட்டலப்பா," என்றார். சட்டை நுனி விடுபட்டது.

செல்லக்காவின் பெட்டி அண்ணனிடம் போயிற்று. எனக்கென்று அவள் வைத்துப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை இப்போது உங்களிடம் கேட்கிறேன். பெண்கள் அறையில் விறகு அடுக்கலாம் என்று பேச்சு நடப்பது என் காதுக்கும் வந்தது. கெங்கவல்லிக்கு ஆள் அனுப்பி, வள்ளியோடு படுக்க ஒரு ஆயாவை வைத்து, அந்த அறையைத் திறந்தே வைப்பீர்களா, பெரியவர்களே? வாயால் சொல்லுங்கள். அதுவரை நான் உட்காரப்போவதில்லை.