உப்பு இல்லாத மூலை

தகியமாவின் வலது முழங்கால் போன ஜனவரியில் போயிற்று. மருந்துப் பட்டை ஒட்டி இரண்டு நாள் படுத்தால் சரியாகிற சமாச்சாரம் இல்லை அது. சுமோ வளையத்தின் ஓரத்தில் அவனும் எதிராளியும் கட்டிப்பிடித்தபடி மேடையிலிருந்து கீழே உருண்டார்கள். இரண்டு பேருடைய பாரமும் அவனுடைய ஒற்றைக் காலில் இறங்கியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது அவன்தான். நடுவர் அவன் பெயரைச் சொல்லும்போது அவனைப் பெரிய சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்து என்ன பிரயோசனம்!

சுமோவில் காயத்துக்குச் சலுகை கிடையாது. வராத நாளெல்லாம் தோற்ற நாள்தான். இரண்டு மாசத்துக்கு ஒரு முறை பதினைந்து நாள் போட்டி; ஒரு போட்டிக்கு வராவிட்டால் ஒரு சறுக்கல், இன்னொன்றுக்கு வராவிட்டால் இன்னொரு சறுக்கல். மேலிருந்து இரண்டாம் படியில் இருந்தவன், வருஷம் திரும்புவதற்குள் ஆறாம் படிக்கு, அடிமட்டத்துக்கு வந்துவிட்டான். அறுவை சிகிச்சை செய்த டாக்டர், "இன்னொரு தடவை இது பிசகினால் ஆயுசுக்கும் படியேறக் கைப்பிடி தேடுவீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வயசு இருபத்தெட்டு.

அவன் வடக்கே அவோமோரிப் பக்கத்து மீன்பிடித் துறையில் பிறந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஷோகோ; தகியமா என்பது மேடைப் பெயர். பதினைந்து வயசில் தோக்கியோவுக்கு வந்து ர்யோகொகுவில் ஷிராசகி வாத்தியாரின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். ஒன்பது வருஷம் கறுப்புப் பருத்திக் கச்சை கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குச் சோறு வடித்து, முதுகு தேய்த்து, உதை வாங்கினான். அப்புறம் ஒருநாள் இரண்டாம் படிக்கு ஏறினான். பயிற்சிக்கு வெள்ளைக் கச்சை, மேடைக்குப் பட்டுக் கச்சை, தனி அறை, கூடமாட ஏவலுக்கு ஆள்! அதையெல்லாம்விட அவனைப் பித்துப் பிடிக்க வைத்தது உப்புதான். மேல் இரண்டு படிக்காரர்களுக்குத்தான் ஆட்டத்துக்கு முன்னால் மேடை மூலைக்குப் போய் உப்பை அள்ளி வீசும் உரிமை. தகியமா கை கொள்ளாமல் அள்ளி, விளக்கைத் தொடுகிற உயரத்துக்கு வீசுவான். கூட்டம் "ஓ" என்று கத்தும். காசு கொடுத்து வந்தவர்களில் பாதிப் பேர் அவன் உப்பு வீசுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவன் நம்பினான். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, ஆனால் அவனிடம் யார் போய்ச் சொல்வது?

இப்போது எல்லாம் தலைகீழ். அடிமட்டத்தில் இருப்பவனுக்கு ஜனவரிக் குளிரிலும் மேல்கோட்டு கிடையாது, காலுறை கிடையாது. மெல்லிய பருத்தி அங்கியும் மரக்கட்டைச் செருப்புமாகத் தெருவில் டக் டக் என்று நடக்க வேண்டும். சாப்பாட்டுப் பானைக்கு முன்னால் கடைசியாகத்தான் உட்கார வேண்டும். அதற்குள் கறியெல்லாம் போய் முட்டைக்கோஸ் மிதக்கும். முன்பு அவன் முதுகைத் தேய்த்துவிட்ட ஹயாசே இப்போது வெள்ளைக் கச்சைக்காரன். தகியமாவின் பழைய அறையில் ஹயாசேயின் மெத்தை கிடக்கிறது.

போட்டியின் பதினைந்து நாளில் பாதி ஓடிய பிறகு, பயிற்சி முடிந்த ஒரு காலையில், வாத்தியார் அவனைக் கூப்பிட்டார். ஹயாசே பக்கத்தில் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, கடைசி வார ஆட்டத்துக்கு ஜோடி போடப் போறாங்க. உன் பேரக் குடுக்கவா, வேண்டாமா?"

அடிமட்டத்தில் இருப்பவன் ஒரு போட்டி முழுக்க ஒரு தடவையாவது மேடையேறாவிட்டால் தரவரிசையிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். மறுபடி வேண்டுமென்றால் புதிதாகச் சேருகிற பொடிப்பயல்களோடு வரிசையில் நின்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் காயம்பட்டவர்கள் கடைசி வாரத்தில் ஒரே ஒரு ஆட்டம் நின்றுவிட்டுப் போவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் பெயர் தங்கும்.

"அண்ணே, குடுத்துருங்கண்ணே" என்றான் ஹயாசே.

"யார்றா இங்க அண்ணன்?" வாத்தியார் பாய்ந்தார். "இந்தக் கூடத்துல கச்சைதான் வயசு. நீ அவன பேர் சொல்லிக் கூப்பிடணும், அவன் உன்ன சார்னு கூப்பிடணும்."

"சொல்றேன் வாத்தியாரே. ஹயாசே சார், உங்க முதுகுல அழுக்கு அப்படியே இருக்கு சார்" என்றான் தகியமா.

ஹயாசே சிரித்துவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரூமுல எனக்குத் தூக்கமே வரல அண்ணே. வந்து என்ன அடிச்சித் தொரத்திட்டு எடுத்துக்கோங்க" என்றான்.

"பேரக் குடுங்க வாத்தியாரே" என்றான் தகியமா. "ஆனா அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியல."

"அத மண்ணுல நின்னுட்டு வந்து சொல்லு. கொண்டைய வெச்சிக்கிட்டு ஆடறியா, இல்ல கத்திரிக்கோலால அத வெட்டிட்டு ஊருக்குப் போறியான்னு அன்னிக்கே சொல்லிரு. மதில் மேல பூன மாதிரி உக்காந்திருக்கறவனுக்கு என்னால சோறு போட முடியாது."

ஆட்டத்துக்கு முந்தின நாள் அவனுடைய அக்கா மிச்சியோ ரயிலேறி வந்து இறங்கினாள். தம்பியைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்தாள். அவோமோரியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் மேற்பார்வை பார்க்கிறாள். ஆள் குள்ளம், குரல் பெரிசு. நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏப்ரல்லேர்ந்து வேலைக்கு வரலாம்னு சொல்லிட்டாங்க. உன்ன மாதிரி ஒருத்தன் இருந்தா எனக்கு நாலு ஆள் மிச்சம். இந்தக் கையில ஒரு தாத்தா, அந்தக் கையில ஒரு தாத்தான்னு தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டலாம்."

"தாத்தாங்க பயந்துட மாட்டாங்களா?"

"இப்பவே 'உன் தம்பி எப்ப வருவான், எப்ப வருவான்'னு நச்சரிக்கிறாங்க. பேச்ச மாத்தாத. அந்தக் கால நீட்டு, பாக்கறேன்."

மேசைக்கு அடியிலேயே முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். தழும்பின் மேல் அவள் கட்டைவிரல் ஓடியது. தினமும் கிழங்களைத் தூக்கி இறக்குகிற கை. எது பலம் எது பாசாங்கு என்று அதற்குத் தெரியும்.

"முழுசா மடக்கி உக்கார முடியுதா?"

"முக்காவாசி."

"முக்காவாசிக் கால வெச்சிக்கிட்டு மேடையேறப் போறியா? ஷோகோ, எனக்கு பயமா இருக்குடா. அப்பா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். உன்னையும் ஒரு நாள் நான் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டி வந்துரப் போகுது."

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. பதமா நின்னுட்டு வந்துடறேன். அப்புறம் நீ சொல்ற மாதிரி செய்யலாம்" என்றான். அந்த நிமிஷத்தில் அவன் உண்மையாகத்தான் சொன்னான். மனசுக்குள் பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தான்.

மறுநாள் காலை. அடிமட்ட ஆட்டங்கள் எட்டரை மணிக்கெல்லாம் தொடங்கிவிடும்; மேல் படிக்காரர்கள் வர மத்தியானம் ஆகும். பத்தாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகள். யாரோ ஒரு பெரியவர் டப்பாவைத் திறந்து சோற்றுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிச்சியோ விறுவிறுவென்று எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போய், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிராளியின் பெயர் குமகாவா. நாற்பத்தைந்தைத் தாண்டியவர். கொண்டை போடவே முடி போதாது. இந்தப் போட்டியில் ஆடிய ஆறிலும் தோற்றிருந்தார். அரங்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அவர் கடைசியாக ஜெயித்தது எப்போது என்று அவர்களுக்குள் பந்தயமே நடக்கும். நோகாமல் நின்றுவிட்டு வர இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

அறிவிப்பாளர் விசிறியை விரித்து நீட்டி இழுத்துப் பாடினார்: "தகி...யமா..." ஒரு வருஷம் கழித்து மேடைமேல் அந்தப் பெயர். தகியமாவுக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது. மேடையேறினான், குனிந்தான், காலைத் தூக்கி மிதித்தான். பழைய மண் வாசனை, பழைய வைக்கோல் வரம்பு, உள்ளங்காலுக்கடியில் அந்தப் பழைய குளிர்ச்சி. உடம்பு தானாக நகர ஆரம்பித்தது. அதுதான் வினை.

உடம்பு நேராகத் தன் பழைய மூலைக்குப் போயிற்று. வலது கை நீண்டு, விரல்கள் விரிந்து, கூடையைத் தேடி இறங்கின. மூலையில் கூடை இல்லை. அடிமட்டத்துக்கு ஏது உப்பு? தகியமா காற்றை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு நின்றான்.

சோற்றுருண்டைப் பெரியவர் "ஐயா, உப்பு மத்தியானம்தான் வரும்!" என்று கத்தினார். இருந்த சில பேரும் கொல்லென்று சிரித்தார்கள். வெறுங்கால் நடுவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். எதிர்ப்பக்கம் குமகாவா உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். தகியமாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. மானம் போயிற்று என்று அவன் தொடக்கக் கோட்டுக்கு வந்து கையை ஊன்றினான்.

அந்த வெட்கத்தோடேயே எழுந்தான். இடுப்பு தாழவில்லை, மார்பு நிமிர்ந்துவிட்டது. குமகாவாவுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம், சும்மா விடுவாரா? இரண்டு கையையும் அவன் கக்கத்துக்கடியில் கொடுத்து விறுவிறுவென்று தள்ளினார். தகியமா பின்னால் போனான், போனான், குதிகால் வைக்கோலில் இடித்தது. இடித்தது வலது கால்!

"ஷோகோ, விட்டுரு! வெளிய வந்துரு!" என்று மிச்சியோ அலறினாள்.

அவன் வெளியே வரவில்லை. மொத்தப் பாரமும் அந்த முழங்காலில் இறங்கியது. அது நின்றது. நடுங்கவில்லை, பிசகவில்லை, சுவர் போல நின்றது. தகியமா உறுமினான். குமகாவாவின் கைகளுக்கு மேலாக எட்டி அவர் கச்சையைப் பிடித்தான், ஒரு அடி முன்னால் வைத்தான், இன்னொரு அடி, நடு வளையம் வந்தாயிற்று, இதோ அந்தப் பக்கத்து வரம்பு! பெரியவர் சோற்றுருண்டையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். மிச்சியோவும் எழுந்து நின்றிருந்தாள். "தள்ளுடா! தள்ளு! இன்னும் தள்ளு!" என்று அவள் கத்தியது ஒலிபெருக்கியையே அமுக்கிவிட்டது. ஒரு நொடிக்கு முன்னால் வெளியே வரச் சொன்ன அதே வாய்தான்.

தகியமா கடைசித் தள்ளு தள்ளினான். அவசரம், தலை முன்னால் போயிற்று. குமகாவா மெதுவாகப் பக்கவாட்டில் ஒதுங்கி, அவன் பின்கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தகியமாவின் இரண்டு உள்ளங்கையும் மண்ணில் பதிந்தன.

தோல்வி.

குமகாவா நம்ப முடியாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். தகியமா குனிந்து வணங்கிவிட்டு, தலை நிமிராமல் உள்ளே போனான்.

பக்கவாசலில் பனி தூறிக்கொண்டிருந்தது. மிச்சியோ அவன் வெளியே வருவதற்குள் நாலு தடவை வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துவிட்டாள். நொண்டிக்கொண்டு வருவானோ, யாராவது தாங்கிக்கொண்டு வருவார்களோ என்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். அவன் மரக்கட்டைச் செருப்பில் டக் டக் என்று வேகமாக வந்தான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"அடிபட்டுச்சா?"

"ஒசரமா எழுந்துட்டேன்க்கா!" என்றான். "ஒசரமா! அந்தக் கெழவருக்குக் கக்கத்தத் திறந்து குடுத்துட்டேன். முட்டாள், முட்டாள்! உப்பத் தேடிப் போனேன் பாரு, அங்கயே புத்தி கலைஞ்சிருச்சு."

"சரி போகட்டும், தோத்தா என்ன, பேர் தங்கிருச்சில்ல? ஷோகோ, நான் கேட்டது..."

"தோத்தா என்னவா? ஒரு போட்டி முழுக்க ஒரு ஆட்டங்கூட ஜெயிக்காத மனுஷன்கிட்ட தோத்துருக்கேன், என்னவாங்கற! நல்லாத்தான் தள்ளினேன், பாத்தேல்ல? ஓரத்துக்குக் கொண்டாந்துட்டேன். அங்க இடுப்ப இறக்கியிருக்கணும். இப்படி!"

செருப்பை உதறிவிட்டு, பனியில் வெறுங்காலோடு கால்களை அகட்டி, அப்படியே கீழே இறங்கினான். தொடை முழுக்க மடிந்து, பின்பக்கம் குதிகாலைத் தொட்டது. அங்கிருந்தபடியே கையை முன்னால் நீட்டி, இல்லாத குமகாவாவைத் தள்ளினான். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் நிறுத்திப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து குமகாவாவும் வாசலில் வெளியே வந்தார். வாய் காதுவரைக்கும் இருந்தது. "தம்பி, ரொம்ப நன்றிப்பா! மார்ச்லயும் வந்துருப்பா!" என்று கையாட்டினார்.

"வர்றேங்க!" என்றான் தகியமா, குந்தியபடியே. "வந்து உங்கள வளையத்துக்கு வெளிய அனுப்பறேன், இருங்க!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மிச்சியோவின் பார்வை தம்பியின் முகத்தில் இல்லை, முழுசாக மடிந்திருந்த அந்தக் காலில் இருந்தது.

"ஷோகோ, முழங்கால் எப்படி இருக்கு?"

"எந்த முழங்கால்?" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. குனிந்து தன் காலைப் பார்த்தான். அக்காவை நிமிர்ந்து பார்த்தான். குந்தியபடியே இருந்தான். மிச்சியோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே விளங்கவில்லை. கைப்பையால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எழுந்திரு, பைத்தியம். போய் உன் வாத்தியார்கிட்ட சொல்லு. மார்ச் போட்டி ஒசாகாலதானே? எனக்கு நல்ல எடமா பாத்து வெக்கச் சொல்லு, இன்னிக்கி பாதி ஆட்டத்த அந்த நடுவர் முதுகு மறைச்சிருச்சு."