இல்லை என்று சொல்ல ஒரு நம்பர் பூட்டு

திருடனுக்குப் பயந்து நான் அந்தப் பூட்டைச் செய்யவில்லை. என் பழைய ஸ்கூட்டரைத் திருடுகிறவன் இரண்டு தெரு தாண்டுவதற்குள் மனம் மாறி, கொண்டுவந்து நிறுத்திவிடுவான். பூட்டு, எதிர்வீட்டு அண்ணனுக்காக.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கார் இருக்கிறது, உறை போட்டு மூடியபடி. தினமும் காலையில் வாசலில் வந்து நிற்பார்.

"ஏனுங் கண்ணு, சாவி குடுங்க, உழவர் சந்தை வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். அங்க கார் நிறுத்த எடமில்லீங்க."

காய் வாங்கப் போகிற மனிதர் ஊர்க்கதை பேசி ஒன்பதரைக்குத்தான் திரும்புவார். நானோ எட்டே முக்காலுக்குப் பம்ப் கம்பெனியில் இருக்க வேண்டும். இன்னொரு நாள் தாமதமானால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"முடியாதுன்னு சொல்றதுக்கென்னங்க?" என்றாள் மனைவி.

அதுதானே எனக்கு வராது. "முடியாதுங்க" நாக்கு நுனி வரை வரும். வெளியே வரும்போது "எடுத்துக்கோங்கண்ணா" ஆகிவிடும். சரி, வாயால் முடியாததை வயரால் முடிப்போம் என்று இறங்கினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சாவியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் ஒரு ரிலே சுவிட்சைக் கொடுத்தேன். கைப்பிடிக்குக் கீழே எண் பலகை. சரியான நான்கு எண்களை அழுத்தினால்தான் வண்டிக்கு மின்சாரம் போகும்; அணைத்துவிட்டால் மறுபடியும் அழுத்த வேண்டும். யாரும் வயரை மாற்றிக் கொடுத்து ஓட்டிவிடக் கூடாதென்று இணைப்புகளின் மேல் பிசின் ஊற்றிக் கல்லாக்கிவிட்டேன். நான் செய்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை, அருமையான வேலை.

திங்கட்கிழமை அண்ணன் சாவி கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக மகிழ்ச்சியோடு கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங், வண்டி உசுரே இல்லாமக் கெடக்குது?"

"நம்பர் பூட்டு வச்சிருக்கனுங்கண்ணா."

"அட! நீங்களே செஞ்சீங்களா?"

இந்தக் கேள்வியை என் மனைவி கேட்கவில்லை. கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை. இவர் குனிந்து நாலாபுறமும் பார்த்து, "என்ன மூளைங்க உங்களுக்கு!" என்றார். அவ்வளவுதான், நான் காலி. ரிலே எப்படி இணைகிறது, எண்ணை எப்படி மாற்றுவது, பழைய எண், ஸ்டார், புது எண் என்று எல்லாவற்றையும் அழுத்தியே காட்டினேன். மணி எட்டாவதற்குள் அண்ணன் என் ஸ்கூட்டரிலேயே சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை அதிசயமாக அவர் வரவில்லை. துள்ளிக் குதித்து ஸ்கூட்டரில் ஏறி எண்ணை அழுத்தினேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் அழுத்தினேன். சிவப்பு. மணி எட்டேகால். எண்ணை மாற்ற என்னைத் தவிரத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். விறுவிறுவென்று தெருவைக் கடந்துபோய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

"அட, சொல்ல மறந்துட்டனுங்க. அந்த நம்பரு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. பால்காரரு வரைக்கும் எடுத்துட்டுப் போறாரு. அதான் நேத்து மாத்திப்போட்டனுங்க."

பால்காரருக்குச் சாவியும் கொடுத்து எண்ணும் சொன்னது நான்தான்.

"புது நம்பர் என்னங்கண்ணா?" என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். இடது கையால் பலகையை மறைத்துக்கொண்டு வலது கையால் அழுத்தினார். பச்சை. வண்டி உறுமியது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க கண்ணு. ஆராச்சும் கேட்டா இல்லீன்னு சொல்ல உங்களுக்கு வராதுங்க. உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் வண்டிக்கு நல்லது. சாயங்காலம் கெளம்பறப்ப ஒரு போன் போடுங்க, சொல்றேன்; நாளைக்குக் காலையில மறுபடி மாத்திக்கறேன்."

என் வண்டி, என் பூட்டு. அத்தனை வருடக் கோபமும் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

"சரிங்கண்ணா" என்றேன்.

கம்பெனிக்குப் போகும் வழியில், சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. சுற்றிலும் எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள். நான் அணைக்கவில்லை.