எச்சரிக்கையின் மூன்றாவது ரகசியக் கேள்வி

அலுவலகத்தில் அவருக்கு 'எச்சரிக்கை' என்று பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் முப்பத்து நான்கு வருடமாக மெக்கானிக். வேலை நடக்கும் லிஃப்டின் முன்னால் அவர் நிறுத்திவைக்கிற மஞ்சள் பலகையில் அந்த வார்த்தைதான் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் பெயர் வந்தது பலகையால் அல்ல, அவர் வாயால். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் நேராகத் தொழில்நுட்பப் பக்கத்துக்குத்தான் போவார். பத்து மணிக்கு டீ வரும்போது, படித்தது அத்தனையும் உபதேசமாகிச் சக மெக்கானிக்குகளின் தலையில் இறங்கும்.

"பால் தீர்ந்துட்டா ஃப்ரிட்ஜே சொல்லுமாம். பால் தீர்ந்தது தெரியாத வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் ஒரு கேடா?" என்பார். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரத்தைப் பற்றிக் கேட்டால், "நான் எப்ப தூங்கினேன்னு எனக்கே தெரியாது. அதுக்கு எதுக்குத் தெரியணும்?" ஓட்டுநர் இல்லாத கார் வந்த செய்திக்கு மட்டும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நம்ம லிஃப்ட் எத்தனை வருஷமா ஆளில்லாம ஏறி இறங்குது. ஒருத்தனாவது போட்டோ எடுத்துப் போட்டானா?"

கருத்தோடு நிறுத்திக்கொள்கிற ஆளும் இல்லை. தன் கைப்பேசியின் கேமரா மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவைப்பார், ஒட்டுக்கேட்குமாம். இவரும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டில், கத்தரிக்காய் முற்றலா பிஞ்சா என்பதைத் தவிர ஒட்டுக்கேட்க என்ன இருக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு செய்தித் துணுக்கு வைத்திருப்பார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துத் தருகிற வேலை. சமையலறை டப்பாக்களில் அவர் எழுதி ஒட்டிய சீட்டுகளைப் பார்த்தால் அச்சடித்தது என்றே சொல்லலாம். ஒவ்வோர் எழுத்தும் அளவெடுத்து நிற்கும். கல்யாணத்துக்கு முன் கட்டட வரைபடம் வரையப் படித்தவர். அந்த வேலைக்குப் போகவில்லை. அந்தக் கையெழுத்து மட்டும் மிளகு டப்பாவிலும் உப்பு டப்பாவிலும் தங்கிவிட்டது.

அவர்கள் சந்தித்த கதை சொந்தபந்தம் எல்லாருக்கும் மனப்பாடம். நாலு பேர் கூடினால் போதும், எச்சரிக்கை ஆரம்பித்துவிடுவார். "மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. நாப்பது நிமிஷம். கதவைப் பிரிச்சா, உள்ளே இவ. அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்துபோய். கையைக் கொடுத்துத் தூக்கினேன். இன்னும் விடலை." எல்லாரும் சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பார். அடுத்து அவர் சொல்கிற வரியும் எல்லாருக்கும் தெரியும். "அந்த லிஃப்ட் ஒண்ணு கணக்குல சேராது. மத்தபடி என் கையில இருந்த எந்த லிஃப்டும் காரணமில்லாம நின்னதில்லை."

இப்படிப்பட்டவர் வசமாக மாட்டியது ஒரு விடுமுறை நாளின் மாலை, நாலு மணி இருபது நிமிடத்துக்கு.

அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. நிறுவனம் இன்னும் இரண்டு வருடம் வேலை நீட்டிப்பு கொடுத்திருந்தது. கைப்பேசியில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து, 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று மாலை ஐந்து மணிக்குள் அமுக்காவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். செயலியைக் கடைசி வரை நம்பாமல் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, இன்று திறந்தால் கடவுச்சொல் ஞாபகமில்லை. எவனாலும் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்த கடவுச்சொல். அந்த எவனில் அவரும் ஒருவராகிவிட்டார்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற மனிதர் இல்லை அவர். கயிறும் கப்பியும் கிரீஸ் வாடையும் இல்லாத ஒரு காலைப்பொழுதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டுக் கைப்பேசியை மேஜையில் வைத்தார். மனைவி பக்கத்தில் நின்று அவருடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

'பாதுகாப்புக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்றது ஒரு குரல்.

"பாத்தியா? நான் சொன்னா எல்லாரும் சிரிப்பீங்க" என்றார் மனைவியிடம்.

பிறகு உதவி மையத்துப் பெண் வந்தாள். பணிவான, அசைக்க முடியாத குரல். "சார், நீங்க பதிவு பண்ணி வெச்ச மூணு ரகசியக் கேள்வி கேப்பேன். சரியான பதில் சொன்னா கணக்கைத் திறந்துடலாம். மொத்தத்துல மூணு தப்பு ஆச்சுன்னா ரெண்டு நாளைக்குப் பூட்டிக்கும்."

"ரெண்டு நாள் எதுக்கும்மா, எனக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கு."

"பாதுகாப்பு விதி சார். முதல் கேள்வி, உங்களுடைய முதல் வாகனம்?"

எச்சரிக்கைக்கு வியர்த்தது. ரகசியக் கேள்விக்கு நிஜமான பதிலைப் போடவே கூடாது என்று அவர் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஊருக்குத் தெரிந்த பதில் திருடனுக்கும் தெரியும். அதனால் எல்லாவற்றிலும் பொய்யாகத்தான் போட்டிருந்தார். எந்தப் பொய் என்பதுதான் இப்போது வரவில்லை.

"விமானம்" என்று சொல்லிப் பார்த்தார்.

"தப்பு சார். இன்னும் ரெண்டு வாய்ப்பு."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "குதிரைன்னு சொல்லுங்க" என்றார். "பஸ் நெரிசல்ல மாட்டினா வேற என்ன கேப்பீங்க? ஒரு குதிரை இருந்தா போதும்னுதானே?"

"குதிரை" என்றார்.

"சரி சார். இரண்டாவது, பள்ளியில் உங்களுக்குப் பிடித்த பாடம்?"

இந்த முறை அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனைவியின் வாயைப் பார்க்காமல், "நீச்சல்" என்றார்.

"தப்பு சார். இன்னும் ஒரே வாய்ப்பு."

மணி நாலு நாற்பத்தொன்று. மனைவி சட்டையைத் திருப்பிப் போட்டு, கழுத்துப்பட்டையை நீவினார். "பாட்டு" என்றார். "மொட்டைமாடி லிஃப்ட் மெஷின் ரூம்ல யாரும் இல்லைன்னு நினைச்சு பாடுவீங்க. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தப்ப வெளியே நின்னு கேட்டிருக்கேன். நல்லாத்தான் பாடினீங்க. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லலை."

அவர் தலை நிமிராமல், "பாட்டு" என்றார். சரியாக இருந்தது. முப்பத்து நான்கு வருட எச்சரிக்கை, ஒரு சட்டை இஸ்திரி போடுகிற நேரத்துக்குள் உடைந்துபோனது. அதிலும் ஒரு சுகம் இருந்தது என்பதை அவர் வெளியே சொல்ல மாட்டார்.

"கடைசிக் கேள்வி சார். உங்கள் வாழ்க்கைத் துணையை முதன்முதலில் பார்த்த இடம்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. "லிஃப்ட்னு போட்டிருக்க மாட்டீங்க. அது ஊருக்கே தெரிஞ்ச கதை. கப்பல்னு போட்டிருப்பீங்க, நீங்கதான் கப்பல்ல போகணும் கப்பல்ல போகணும்னு உசிரை எடுப்பீங்களே. கப்பல்னு சொல்லுங்க."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பதிவு செய்த அன்று, பேருந்தில் நின்றபடி, இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் தேடவில்லை. தேட அவசியமிருக்கவில்லை. திருடனுக்கு மட்டுமல்ல, உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாத நிஜம் ஒன்று அவரிடம் இருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"என்னங்க, கப்பல்தான். சீக்கிரம் சொல்லுங்க. மணி ஆகுது."

கப்பல் என்று சொன்னால் வேலை போகும். உண்மையைச் சொன்னால் என்ன போகும் என்று அவருக்குக் கணிக்கத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது. கைப்பேசிக்கு மிக அருகில் குனிந்து, மெஷின் ரூமில் பாடுகிற குரலைவிடச் சின்னக் குரலில் சொன்னார்.

"ஜெராக்ஸ் கடை."

"சரியான பதில் சார். கணக்கு திறந்தாச்சு. புதுக் கடவுச்சொல் அனுப்பியிருக்கேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

அவர் அவசர அவசரமாகச் செயலியைத் திறந்து 'சம்மதம்' அமுக்கினார். பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. இரண்டு வருடம் கிடைத்துவிட்டது. மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் முகத்தில் கோபம் இன்னும் வரவில்லை, மருந்துச் சீட்டைப் படிக்கிறபோது வருகிற கவனம்தான் இருந்தது.

"லிஃப்ட் நின்ன அந்தக் கட்டடத்துல கீழே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்துச்சு" என்றார் மெதுவாக. "இன்டர்வியூக்கு ஒரு வாரம் முன்னாடி சர்ட்டிபிகேட்டெல்லாம் அங்கதான் காப்பி எடுத்தேன். ரெண்டு நாள் வந்தேன். அப்பவே பார்த்திருக்கீங்க."

"பார்த்தேன்."

"இன்டர்வியூ அன்னிக்கும் பார்த்தீங்க."

அன்று அவர் கீழ்த்தளத்தில், லிஃப்டின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். நினைத்தது இரண்டே நிமிடம்தான். இந்தப் பெண் ஏறியதும் லிஃப்டை நிறுத்தி, ஓடிப்போய்த் திறந்து, ஒரு வார்த்தை பேசலாம் என்று. சுவிட்சைத் திரும்பப் போட்டபோது உள்ளே ஏதோ கருகியது. அந்த முப்பத்தெட்டு நிமிடம் மட்டும் நிஜமான பழுது.

"அஞ்சாம் மாடியில வரைபட ஆபீஸ். ஒரே ஒரு வேலைதான் காலி. லேட்டா போனேன்னு உள்ளேயே விடலை" என்றார் மனைவி. "என் தலையெழுத்துன்னு இருபத்தொம்பது வருஷமா நினைச்சுட்டிருக்கேன். நீங்களும் ஆமாம்னு சொல்லிட்டிருந்தீங்க."

மேஜை மேல் கைப்பேசியின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை அதைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "ஏம்மா, நீ இன்னும் லைன்லதான் இருக்கியா?"

"இருக்கேன் சார்" என்றாள் உதவி மையத்துப் பெண். "நீங்க கட் பண்ற வரைக்கும் பதிவாகிட்டே இருக்கும். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அவர் கை கைப்பேசியை நோக்கிப் போனது. மனைவியின் கை முந்திக்கொண்டது. எடுத்து, பிளாஸ்திரி ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி, தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"எந்த லிஃப்டும் காரணமில்லாம நின்னதில்லைன்னு சொல்வீங்களே" என்றார். "அந்த லிஃப்டுக்கும் காரணம் சொல்லுங்க. நான் கேக்கறேன், அவங்களும் கேக்கட்டும்."