கலர் இல்லாத மருந்து

இன்னைக்கு வெள்ளனே கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடைக்கு ஓடினேன்.

என் தைராய்டு மாத்திரைக்கு இப்பச் சிவப்புக் கலர் பூசி விடுறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. அதை முழுங்கினா உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டுது. முழுங்காம விட்டா கழுத்து வீங்கிப் படுக்கையைவிட்டு எந்திரிக்க முடியல.

"பயப்படாதீங்க டீச்சர். கலர்தானே உங்களுக்கு ஆகல? கலரே இல்லாத வெறும் பொடி மதுரையில இருந்து வந்திருக்கு. மிக்சரா கலக்கித் தாரேன்"னார் கம்பவுண்டர்.

எனக்கு உசிரே திரும்பி வந்துச்சு.

என் கண்ணு முன்னாலயே பொடி மொத்தத்தையும் கரைச்சுப் பாட்டில்ல ஊத்தினார். குலுக்கினார். அப்புறம் கைப்பழக்கத்துல பக்கத்துல இருந்த சிவப்புக் கலர்க் குப்பியை எடுத்து நாலு சொட்டு விட்டார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?"

"சும்மா அழகுக்குத்தான் டீச்சர். வெறும் தண்ணியாட்டம் குடுத்தா யாரு மருந்துன்னு நம்புவாங்க?"

சொல்லி முடிச்சப்புறம்தான் அவர் முகம் வெளிறிச்சு.

அடுத்த பொடி எப்ப வரும்னு அவருக்கே தெரியலையாம். பாட்டில் என் மேசையில ரோஜாப்பூவாட்டம் நிக்குது. குடிக்கவும் பயம், கொட்டவும் பயம்.

உங்க ஊர்ல அழகே இல்லாத மருந்து குடுக்கிற கம்பவுண்டர் யாராச்சும் இருந்தா, வெரசா ஒரு கார்டு போடுங்க.