போர்மேனுக்காக ஒதுங்கியவன்

சுரங்கத்துக்குள் நான் முதன்முதலில் இறங்கியபோது காலில் செருப்பு கிடையாது. கான்ட்ராக்ட் கூலி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு வாத்தியார் லீவு போட்ட நாட்களில்தான் ஒழுங்காகப் போனேன். அப்படிப்பட்டவன் பெர்மனென்ட் ஆகி, கன்வேயர் பெல்ட் ஆபரேட்டராக ரிட்டயர் ஆனேன் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? யார் சிபாரிசும் இல்லை. சைமன்ராஜின் சொந்த உழைப்பு. இதை நான் சொல்லாத ஆள் நெய்வேலியில் இருந்தால் அவர் புதிதாக மாற்றலாகி வந்தவராக இருப்பார். அட்ரஸ் கொடுத்தால் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. நான் யாருக்கும் ஒதுங்கிப் போனதில்லை. எதிரே ஆபீசர் வந்தாலும் சரி, அவர் ஜீப் வந்தாலும் சரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடு ரோட்டில் நேராக நடப்பேன். அவர்கள்தான் விலகிப் போவார்கள். இதையே என் மனைவி லூசியம்மாள் வேறு மாதிரி சொல்லுவாள்: "எருமை வந்தா யாருதான் வெலக மாட்டாங்க?"

அந்த நான்தான் இப்போது ஒரு நாய்க்குட்டி வருவதைப் பார்த்தால் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. பிறர் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்லுவார்கள்.

என் மகள் நான்சிக்கு இங்கேயே ஆபீஸ் வேலை. குவார்ட்டர்ஸ் அவள் பேரில் இருக்கிறது, நாங்கள் அவளோடு இருக்கிறோம். போன வருஷம் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் ஐந்தாறு தெருநாய்கள் சேர்ந்து ஒரு குட்டியைக் குதறிக்கொண்டிருந்தனவாம். இவள் பையை வீசி விரட்டிவிட்டு, அதைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு காது பாதிதான் மிச்சம். பேர் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சர்வீஸ் முழுக்க நான் ஆசைப்பட்டும் கிடைக்காத பதவி ஒன்று உண்டு. அதையே வைத்துவிட்டேன்: போர்மேன்.

போர்மேன் வளர்ந்து கன்றுக்குட்டி மாதிரி நின்றான். வீட்டில் பஞ்சு போல இருப்பான். வெளியே போய் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் போதும்; இரண்டு காலில் எழும்பி, கயிறு அறுந்துபோகிற மாதிரி குரைப்பான். நான் அதை வீரம் என்று நினைத்துவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, "வேட்டை நாய் ரத்தம்பா. முந்திரிக் காட்டுல அவுத்துவுட்டா பன்னிய இழுத்துகினு வருவான்" என்று சொல்லியிருக்கிறேன். பன்றியை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த தெருவில் என் சிநேகிதர் இசக்கிமுத்து இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். ஒரே ஷிப்டில் வேலை பார்த்தோம், இப்போதும் சாயங்காலம் ஒன்றாகத்தான் டீ. அவர் வீட்டுப் பொமரேனியனுக்கு லட்டு என்று பேர். போர்மேனும் லட்டுவும் பார்க்கும்போதெல்லாம் கத்திக்கொள்வது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சுரங்கத்தில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் தீர்த்து வைப்பது நான்தான். இருவரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்து, ஒரே டம்ளர் டீயைப் பாதிப்பாதி குடிக்கச் சொல்லுவேன். சண்டை முடிந்துவிடும். மனிதனுக்குச் செல்லுபடியானது நாய்க்குச் செல்லாதா?

இசக்கிமுத்து வீட்டு வாசலில் ஒரு தட்டு வைத்தேன். தட்டில் பிஸ்கட். இந்தப் பக்கம் போர்மேன், அந்தப் பக்கம் லட்டு. "பேசிக்குங்கடா" என்றேன்.

தட்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. கயிறு என் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. நான் குப்புற விழுந்தேன். லட்டு இசக்கிமுத்துவின் தோளில் ஏறி, அவர் வழுக்கையைப் பிடித்துக்கொண்டு அலறியது. விழுந்து கிடந்த இடத்திலிருந்தே நான் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க லட்டுதான் அண்ணே மொதல்ல மொறைச்சான். எங்க போர்மேன் வீரன், சும்மா வுடுவானா?" என்றேன். இசக்கிமுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று நான்சி என்னிடம் பேசிய பேச்சை எந்த ஆபீசரும் பேசியதில்லை.

"அது வீரம் இல்லப்பா, பயம். கடலூர் நாய் டாக்டர் எத்தன தடவ சொன்னாரு? குட்டியில அத்தன நாய் கடிச்சிருக்கு. இன்னொரு நாய் கிட்ட வந்தா, அது நம்மள கடிக்கிறதுக்குள்ள வெரட்டிடணும்னு கத்துது. நீங்க அத நேரா கொண்டுபோய் நிறுத்திட்டு வீரன்னு வேற சொல்றீங்க."

"பழகினா சரியாப்பூடும்னு..."

"பழகறதுக்கு மொதல்ல எடம் வேணும். தூரத்துல நாய் தெரியும்போதே ஒடம்பு வெறைக்கும், வாய மூடிக்கும். கத்தறதுக்கு முன்னாடியே திரும்பிடணும். சாந்தமா பாத்துதுன்னா சிக்கன் துண்டு குடுக்கணும். அவ்ளோதான். இன்னொரு சண்ட வந்துதுன்னா கம்மாபுரத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான். கடிபட்டுட்டு யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தா நம்மால தாங்க முடியாது."

கம்மாபுரத்தில் என் பழைய கூட்டாளி தனகோட்டிக்குக் கரும்புக் கொல்லை இருக்கிறது. காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தான். பம்ப் ஷெட்டில் சங்கிலியில் கட்டிப்போடுவான். சுற்றிலும் ஊர் நாய்கள். போர்மேன் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தான். ராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொன்னேனே தவிர, லூசியம்மாள் கணக்கில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேனாம்.

மறுநாளிலிருந்து ஒதுங்க ஆரம்பித்தேன். அதுவும் ஒரு தொழில்தான். டவுன்ஷிப் ரோடுகள் அகலம், மரம் நிறைய. எதிரே நாய் வந்தால் ரோட்டைத் தாண்டுவேன். இருபக்கமும் வந்தால் பஸ் நிழற்குடைக்குப் பின்னால் போவேன். அதுவும் இல்லையென்றால், எந்த வீட்டு கேட் திறந்திருக்கிறதோ அங்கே நுழைவேன். ஒரு வீட்டில் பெரியநாயகி என்ற அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைங்க பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க. ஒரு நாய் போயிடட்டும்."

அவர் என் பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டி அளவு நாயைப் பார்த்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த சொறிநாயைப் பார்த்தார். சிரிப்பை மறைக்க மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது இசக்கிமுத்து விஷயம். அவர் தினமும் அதே நேரத்தில் லட்டுவோடு வருவார். நான் தூரத்தில் பார்த்ததும் மறுபக்கம் போய்விடுவேன். நாயைக் கவனிக்கிற அவசரத்தில் ஒரு வணக்கம்கூட வைக்க முடியாது. எங்கள் டவுன்ஷிப்பில் ஒருத்தரைப் பார்த்து ரோட்டை மாற்றினால் ஒரே அர்த்தம்தான்: பேச்சுவார்த்தை இல்லை. பிஸ்கட் தகராறில் நான் அவரை ஒதுக்கிவிட்டேன் என்று பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்கால டீக்கு அவர் வருவது நின்றது.

"போய் விசயத்த சொல்லிடுங்களேன்" என்றாள் லூசியம்மாள்.

எப்படிச் சொல்வது? பன்றி இழுக்கிற நாய் என்று சொன்ன வாயால், அதற்கு லட்டுவைப் பார்த்தால் நடுக்கம் என்று சொல்வதா? இரண்டு வாரம் தனியாக டீ குடித்தேன். கடைக்காரரிடம் என் சர்வீஸ் கதையைச் சொன்னேன். அவர் அதை மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னார்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. பெரியநாயகி வீட்டுத் தெருவில், ஒரு பக்கம் பள்ளிக்கூட மதில், மறுபக்கம் வீடுகளுக்கு முன்னால் பைப் போடத் தோண்டிய பள்ளம். பாதி தெரு வந்துவிட்டேன். எதிர்முனையில் இசக்கிமுத்து திரும்பினார். லட்டுவை இழுத்துக்கொண்டு நேராக என்னை நோக்கி நடந்தார். பின்னால் போகலாம் என்று பார்த்தால், அந்த முனையில் குப்பைத் தொட்டியடியில் நாலு தெருநாய்கள் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன.

"என்னவே சைமன்! இன்னைக்கு எங்கிட்டு ஒதுங்குவீரு? பள்ளத்துல குதிப்பீரா?"

போர்மேனின் உடம்பு மரக்கட்டை ஆனது. வாயை மூடிக்கொண்டான். இன்னும் சில அடி வந்தால் பாய்ந்துவிடுவான். பாய்ந்தால் பம்ப் ஷெட். இசக்கிமுத்து நிற்பதாகத் தெரியவில்லை.

சுரங்கத்து மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. அதை முழுசாகத் திறந்தேன்.

"அண்ணே, அங்கயே நில்லுங்க! எங்க நாயி பயந்தாங்கொள்ளிங்க! லட்டுவப் பாத்து நடுங்குது!"

தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. பெரியநாயகி அம்மா கேட்டுக்கு வந்துவிட்டார். இசக்கிமுத்து நின்றார். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் கையைக் காதில் குவித்துக்கொண்டார்.

"சரியா விழலவே. யாருக்குப் பயம்?"

"எங்க போர்மேனுக்கு!"

"பன்னி இழுக்குமே, அந்த நாய்க்கா?"

"அதே நாயிதாங்க! அதுக்காவத்தான் ரோட்ட மாத்திகினு போறேன். உங்க மேல எனக்கு என்னாங்க கோவம்? நீங்க இல்லாம டீயே எறங்க மாட்டேங்குது!"

கடைசி வாக்கியத்தை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. இசக்கிமுத்து குனிந்து லட்டுவைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பித் தெருமுனையைத் தாண்டிப் போய், வழி விட்டுத் தூரமாக நின்றார்.

போர்மேன் உடம்பை ஒரு தடவை உதறினான். சிக்கன் துண்டை நீட்டினேன். தின்றான். இந்த மனுஷன் இத்தனை சத்தம் போட்டது எதற்கு என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போவும்வே, நான் நின்னுக்கிடுதேன்" என்றார் இசக்கிமுத்து.

கம்மாபுரத்துக்கு வேறு நாய் பார்த்துக்கொள்ளும்படி தனகோட்டிக்கு நான்சியே போன் போட்டுவிட்டாள். இப்போது காலையில் நாங்கள் சேர்ந்தே நடக்கிறோம். அவர் அந்த ஓரம், நான் இந்த ஓரம், நடுவில் முழு ரோடு. அதற்குமேல் நெருங்கப் போர்மேன் இன்னும் சம்மதிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பேச்சுதான் கொஞ்சம் உரக்கப் போகிறது. இசக்கிமுத்துவின் வயிற்றுக் கோளாறு, அவர் மருமகள் வைக்கிற குழம்பு, என் முட்டிவலி எல்லாம் ரோட்டைத் தாண்டித்தான் போய் வருகின்றன.

"உங்க ரெண்டு பேரு பேச்சக் கேட்டுகினே பக்கத்து வூட்டுல பேப்பர் வாங்கறத நிறுத்திட்டாங்க" என்கிறாள் லூசியம்மாள்.