மூடச் சொல்லி ஒரு நோட்டீஸ்

போன மாதம் ஒரு நாள் திருத்தங்கல் போயிருந்தேன். அக்கா மகனின் புதுமனை புகுவிழா பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க. அச்சகம் ரத்தினவேலுடையது. கல்லூரியில் என்னோடு படித்தவன். காலண்டர் சீசன் என்பதால் வாசல்வரை பண்டல் அடுக்கியிருந்தது. ஸ்டூல் போட இடமில்லை.

சித்தப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தார்.

நாற்பது வயதிருக்கும். பெயர் செல்வராணி. பிறந்தது பக்கத்தில் விஸ்வநத்தம். கட்டிக்கொடுத்தது எங்கோ கடலோரத்தில் – ஒரு பழைய அணு மின் நிலையத்தின் மதிலை ஒட்டிய கிராமத்தில். தம்பி வீட்டு விசேஷத்துக்கு வந்தவர், கைப்பையில் மூன்று தாள்களையும் கொண்டுவந்திருந்தார். ஆயிரம் நோட்டீஸ் அடிக்க வேண்டும். அவர் ஊர்ப்பக்கம் இரண்டு அச்சகங்களில் முடியாது என்றுவிட்டார்களாம்.

ரத்தினவேல் முதல் வரியைப் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். பிறகு, எழுதுகிறவன் நீதானே, பார்த்துச் சொல் என்று தாள்களை என் பக்கம் தள்ளினான்.

‘பழைய அணு உலைகளை மூடு.’ பெரிய எழுத்தில், இரண்டு தரம் அழுத்தி எழுதியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, மேலே அழகாக எழுதினேன் – ‘பழைய அணு உலைகளின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, அரசு உரிய மறுபரிசீலனை செய்திட வேண்டும்.’ இத்தனை வருடம் பத்திரிகையில் எழுதிய பழக்கம். யாரையும் உறுத்தாமல் எழுத என் கை நன்றாகப் பழகியிருக்கிறது.

செல்வராணி பொறுமையாகப் படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு சார். இதுல மூடணும்கிறது எங்கன இருக்கு?”

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

ரத்தினவேல் தன் பங்குக்கு ஒன்று கேட்டான். உங்கள் ஊரிலிருந்து வருகிற கரண்டில்தானே இந்த மிஷின் ஓடுகிறது, எல்லாவற்றையும் மூடிவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்று. நியாயமான கேள்விதான். அவர் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை, ரொம்பப் பழைய இரண்டை மட்டும்தான் என்றார். அவருடைய மாமியாருக்குக் கல்யாணம் நடந்த காலத்தில் கட்டியவையாம். ஓட்டுகிற காலத்தை நீட்டிக்கொண்டே போகிறார்கள். நீட்டிய பிறகுதான் ஊருக்கே தெரிகிறது.

அதனால் நோய் வருகிறது, கதிர்வீச்சு கசிகிறது என்று நோட்டீஸில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். தெரியாததை எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்டார். தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார் – ஊருக்கு ஒரே ரோடு. ஆபத்து என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கச் சொல்லி, நிலையத்திலிருந்து வந்து வகுப்பு எடுத்திருக்கிறார்கள். அவர் தெருவில் பாதி வீட்டு ஜன்னல்களுக்குக் கதவு கிடையாது.

அப்புறம் சொன்னதுதான் எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. அவருடைய கணவர் முருகேசனுக்கு அந்த நிலையத்துக்குள்தான் காண்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டு வருடமாக.

மூடினால் அவர் வேலை போய்விடாதா?

போகக் கூடாது என்பதற்காகத்தான் நோட்டீஸின் கடைசிக் கோரிக்கையாம். அணு உலையை மூடுவது கடைக்கு ஷட்டர் இறக்குகிற மாதிரி இல்லை. அணைத்து, ஆறவைத்து, பிரித்து அகற்ற வருடக்கணக்கில் ஆள் வேண்டும். அந்த வேலையை வெளியாளுக்குக் கொடுக்காமல் இப்போது இருக்கிற தொழிலாளிகளுக்கே கொடுக்க வேண்டும். இவ்வளவு யோசித்து எழுதப்பட்ட நோட்டீஸைத்தான் நான் ஒற்றை வரியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். விஸ்வநத்தத்தில் என்றார்.

பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்பார்கள். பத்தொன்பது வயதில் அவரும் அம்மாவும் அப்படி ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார்கள். இவர் பேக்கிங், அம்மா வெடிமருந்து செலுத்துகிற ரூம். ரொம்பப் பழைய ஆலை. சுவர் பிளந்திருக்கும், கதவு சரியாகத் திறக்காது. அதை மூட வேண்டும் என்று எதிர்த் தெருக்காரர்கள் மனு எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களை வழிமறித்து நின்றது யார்? உள்ளே வேலை பார்த்த பெண்கள்தான். இவரும் அம்மாவும் முன்வரிசை. எங்கள் சோற்றில் மண்ணைப் போடாதீர்கள் என்று கத்தியிருக்கிறார்கள். மனுவை மடித்துக்கொண்டு அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், ஒரு ரூம் வெடித்துப் போனது. இரண்டு பெண்கள். ஒருத்தி பஞ்சவர்ணம் – தினமும் வேனில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். அவளும் முன்வரிசையில் நின்று கத்தியவள்தான்.

அன்று சாயங்காலமே அதிகாரிகள் வந்து ஆலைக்கு சீல் வைத்தார்கள். வேலையும் போனது – அம்மாவை அப்புறம் எந்தப் பயர் ஆபீஸிலும் சேர்க்கவில்லை.

“நம்ம ஊர்ல ஆளு செத்த பெறகுதான் மூடுவாக சார்,” என்றார் செல்வராணி. “நான் ஆளு உசுரோட இருக்கையிலயே மூடச் சொல்றேன்.”

ரத்தினவேல் தாள்களை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆனால் ஒரு சிக்கல். நோட்டீஸ் அடித்தால் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டும். அதுதான் சட்டம். ரத்தினவேல் மனசு பாதி இறங்கிச் சொன்னான் – அடித்துத் தருகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைய என்னால் ஆகாது.

“பேரு இல்லேன்னா மொட்டக் கடுதாசின்னு கிழிச்சுப் போட்டுருவாக அண்ணாச்சி. நாங்க அம்புட்டுப் பேரும் எங்க பேரப் போட்டிருக்கோம்.”

கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். பதினோரு பெயர்கள். எட்டு பெண்கள்.

ரத்தினவேல் முடியாது என்று தலையை ஆட்டினான். அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்து, வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குரலில் வருத்தம்கூட இல்லை. மூன்றாவது அச்சகம் அல்லவா, பழகியிருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன் – எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நண்பனுக்குத் தொல்லை இல்லை. எனக்கும் இல்லை. மறுபடி பத்திரிகை ப்ரூஃபை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ரத்தினவேல் மிஷினை நிறுத்தச் சொன்னான்.

“அந்தப் பயர் ஆபீஸுக்கு லேபிள் அடிச்சது நாந்தாம்லே,” என்றான்.

சரக்கு அனுப்பும்போதெல்லாம் உள்ளே போயிருக்கிறான். பிளந்த சுவரைப் பார்த்திருக்கிறான். எதிர்த் தெருக்காரர்கள் அவனிடமும் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். வியாபாரம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டிருக்கிறான். வெடித்த மறு வாரம், டெலிவரி ஆகாத லேபிள் பண்டல்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டானாம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

எழுந்தான். பைக்கை எடுத்தான். கால் மணி நேரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து செல்வராணியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் மேலே எழுதிய வரியை அவனே கோடு போட்டு நீக்கிவிட்டு, பழையபடி ‘மூடு’ என்று வைத்தான். மூன்றாம் நாள் ஆயிரம் நோட்டீஸும் தயார். அடியில், மற்ற எழுத்தைவிடச் சிறிதாக இல்லாமல் – அச்சகத்தின் பெயர், திருத்தங்கல்.

அதற்கப்புறம்?

பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து நோட்டீஸ் ஒரு காப்பி கேட்டார், முகவரி எழுதிக்கொண்டார், டீ குடித்துவிட்டுப் போனார். அங்கே ஊர்க்கூட்டம் நடந்திருக்கிறது. மனுவை வாங்கிய அதிகாரி மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். முருகேசனை அடுத்த வாரம் வா என்று சொல்லியிருக்கிறார் காண்ட்ராக்டர். அடுத்த வாரம் போனால், அதற்கடுத்த வாரம். இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைக் கேட்டதிலிருந்து ரத்தினவேலுக்கு மனசு சரியில்லை. நாம்தான் அந்த மனிதன் வேலையைக் கெடுத்துவிட்டோமோ என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டான். எனக்கும் அதே எண்ணம்தான்.

நேற்று முருகேசனே அவனுக்குப் போன் செய்தாராம். வந்த நோட்டீஸ் எல்லாம் தெருவிலும் சந்தையிலுமே தீர்ந்துபோய்விட்டது. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கை மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று வேண்டுமாம்.

“இன்னும் ஐந்நூறு அடிச்சுக் குடுங்க. ஷிப்டு மாறுற நேரத்துல கேட்டு வாசல்ல நானே நின்னு குடுக்கேன்.”

மூட வேண்டுமா, வேண்டாமா என்று ஊரில் எல்லோரும் வாதாடலாம். பன்னிரண்டு வருடம் டிபன் பாக்ஸோடு அந்த கேட்டுக்குள் போய்வந்தவர் சொல்லும்போது, நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.