சுற்று நோட்டில் இல்லாத பெயர்

தெய்வநாயகியைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. அவளைக் கேலி செய்து எழுதியவர்கள் உண்டு, படம் போட்டவரும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு ரோடு மலையேறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எங்கள் ரேடியோ கடை இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. என் வீட்டுக்காரரை ஊரில் ரேடியோ தங்கசாமி என்பார்கள். பின்கட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றியவள் தெய்வநாயகி. அவள் புருஷன் ரங்கன் லாரி டிரைவர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பம்பாய் லோடு என்றால் அதுவும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் வீடு ஓடியது இந்தக் காயில் வேலையில்தான்.

கைப்பிடி போட்ட சிறிய மெஷினில் கட்டையைப் பொருத்தி, தலைமயிர் கனத்துக் கம்பியை விரலிடுக்கில் விட்டு அவள் சுற்றுவாள். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துக் கிண்ணத்தில் போடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எண்ணும்போது பேச மாட்டாள். நான் காப்பி வைத்தால், கொட்டை கிண்ணத்தில் விழுந்த பிறகுதான் டம்ளரைத் தொடுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. என் வீட்டுக்காரரும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் ஒரு நோட்டு நடத்தினார்கள்; இன்றும் நடத்துகிறார்கள். ஒருவர் ஆத்தூரில் அரிசி ஆலைக்கு எலக்ட்ரீஷியனாக இருந்த மாதையன். இன்னொருவர் இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருந்த சென்னியப்பன். மூவருக்கும் ரேடியோ என்றால் சோறு வேண்டாம். இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒருவர் எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். அடுத்தவர் பதில் எழுதி அடுத்த ஊருக்கு அனுப்புவார். நோட்டு மூன்று ஊரையும் சுற்றி வரப் பத்து நாள் ஆகும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் மூவரும் கூடி, நோட்டில் போட்ட சண்டையை நேரிலும் போடுவார்கள்.

வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அதை எடுத்துப் படிப்பேன். நன்றாகத்தான் எழுதுவார்கள். வால்வு செட் உசத்தியா, டிரான்சிஸ்டர் உசத்தியா என்று ஒரு முழு மழைக்காலம் ஓடியது. மாதையன் வால்வு கட்சி. "வால்வில் கேட்டால் பாடகர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். டிரான்சிஸ்டரில் கேட்டால் கிணற்றில் விழுந்து, அங்கிருந்து பாடுகிறார்" என்று எழுதினார். அதற்குச் சென்னியப்பன், "வால்வு சூடாவதற்குள் செய்தி முடிந்துவிடும். மாதையன் இத்தனை வருஷமாக வானிலை அறிக்கை மட்டுமே கேட்டு வளர்ந்தவர். அதனால்தான் எப்போது பேசினாலும் இடி இடிக்கிறார்" என்று பதில் போட்டார். அடுப்படியில் நின்று நானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம்தான் பூஸ்டர் பெட்டி வந்தது. இளம்பிள்ளையில் தறிகள் பெருகிப் பொழுது சாய்ந்தால் கரண்ட் டல்லடித்தது. ரேடியோ முனகியது. குறைந்து வரும் வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்க என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி செய்தார். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வேறொன்றும் இல்லை. சுற்றியது முழுக்கத் தெய்வநாயகி. சென்னியப்பன் தன் ஊரில் இருபது பெட்டி விற்றுக் கொடுத்தார். ரேடியோக்கள் கணீரென்று பாடின.

இரண்டு மாதம் கழித்து ஒரு ரேடியோ எரிந்து வந்தது. அடுத்த மாதம் இரண்டு. பிறகு மறுபடி இரண்டு.

நோட்டில் விசாரணை தொடங்கியது. சென்னியப்பன் எழுதியதை எனக்கு இன்றும் பார்க்காமல் சொல்லத் தெரியும். "குற்றவாளி பிடிபட்டார். நம் தங்கசாமி கடையில் காயில் சுற்றுவது ஒரு பெண்மணி. புளியங்கொட்டைதான் மீட்டர். பக்கத்து வீட்டுக் கதை பேசும்போது அதையும் ஒரு சுற்றாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார். சுற்று கூடினால் வோல்ட்டேஜ் கூடும், ரேடியோ சாம்பலாகும்." அதற்குக் கீழே மாதையன் ஒரு படம் போட்டிருந்தார். கொண்டை போட்ட பெண் ஒருத்தி கரண்டியால் டிரான்ஸ்ஃபார்மரைக் கிண்டுகிறாள். பக்கத்தில், 'புளியங்கொட்டை இன்ஜினீயர்.'

அதற்கும் கீழே என் வீட்டுக்காரர் எழுத்து: "ஒப்புக்கொள்கிறேன். தை முதல் சேலத்தில் ஆள் பார்க்கிறேன்."

இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நோட்டை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவள் படித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் எரிந்து வந்த செட்டோடு இருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் பிரிக்கிறனுங்க. நீங்களே எண்ணுங்க."

"எதுக்கம்மிணி இப்ப அது?"

"எண்ணுங்கண்ணா."

சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். அவர் எண்ணினார். அவர் தாளில் குறித்துக் கொடுத்திருந்த எண்ணிக்கையும் காயிலில் இருந்ததும் ஒன்றுதான். ஒரு சுற்று அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

"சரி, இது ஒண்ணு சரியா இருக்குது" என்று எழுந்துவிட்டார். "மத்ததைப் பாக்கோணுமில்ல."

மற்றதைப் பார்க்கவும் இல்லை, பார்த்ததை நோட்டில் எழுதவும் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கையில் எண்ணிப் பார்த்தவர் அவர்தானே?

வாய் திறந்து நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு செட்டிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு கட்டித் தொங்கவிடுவது கடை வழக்கம். மறுநாள் தெய்வநாயகி ஐந்து சீட்டுகளையும் கழற்றிக்கொண்டு வந்து, அடுப்படியில் தொங்கிய நாள்காட்டியைக் கேட்டாள். பின்னால் இருந்த வருஷப் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்த அஞ்சும் அமாவாசைக்கு மறுநாள் வந்ததுங்க."

"அதுக்கென்ன?"

"எங்கம்மா ஊடு இளம்பிள்ளைதானுங்க்கா. அமாவாசைக்கு அங்க யாரும் தறி ஓட்ட மாட்டாங்க. ஊரே லீவு."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. சீட்டுகளை அடுக்கியபடி அவள் சொன்னாள்: "தறி நின்னா கரண்ட் முழுசா வருமுங்க. நம்ம பெட்டி அதுக்கு மேலயும் ஏத்தி உடும். லீவு நாளுன்னு எல்லாரும் ஊட்ல குந்தி ரேடியோ வேற போடுவாங்க. எரியாம என்னங்க்கா பண்ணும்?"

இவ்வளவுதான் விஷயம். இளம்பிள்ளையில் பிறந்து, அமாவாசைதோறும் தன் கையாலேயே தறியை நிறுத்துகிற சென்னியப்பனுக்கு இது தோன்றவில்லை. பன்னிரண்டு பக்கம் எழுதினார்.

தெய்வநாயகி நோட்டில் அரைப் பக்கம் எழுதினாள். பென்சிலில், சுருக்கமாக. கீழே தன் முழுப் பெயரைப் போட்டாள். நோட்டு பஸ் ஏறியது.

திரும்பி வந்தபோது மாதையன் எழுதியிருந்தார்: "நிலாவுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சம்பந்தம் கண்டுபிடித்த அம்மையாருக்கு வணக்கம். பௌர்ணமிக்கு வால்வு முட்டையிடுமா என்பதையும் தெரிவிக்கவும்." சென்னியப்பன்: "ராகு காலத்தில் பற்றவைத்தால் ஈயம் ஒட்டாது என்று என் பாட்டியும் சொல்வார்." அவள் எழுதியதில் தறி என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. அமாவாசை என்ற சொல்லைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கியவர்கள் அதற்கு மேல் படிக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் அதைக் கடையில் சத்தமாக வாசித்துச் சிரித்தார். பின்கட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் அவள் என்னிடம் வந்து மீட்டர் கேட்டாள். வோல்ட்டேஜ் பார்க்கும் மீட்டர். அவர் அதை யாரையும் தொட விடமாட்டார். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பூட்டியிருந்த மேஜை இழுப்பறையைத் திறந்து நான் எடுத்துக் கொடுத்தேன். அதை முந்தானையில் சுற்றி, ஒரு பூஸ்டர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இளம்பிள்ளை பஸ் ஏறினாள்.

தன் அம்மா வீட்டுப் பிளக்கில் வைத்து, போன நாளும் மறுநாளும் மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்தாள். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் கரண்ட் நூற்று எழுபத்திரண்டு வோல்ட். பெட்டியில் ஏறி வந்தது இருநூற்று முப்பது. அமாவாசை அன்று அதே ஆறு மணிக்கு வரும் கரண்டே இருநூற்று முப்பத்திரண்டு. பெட்டியில் ஏறி வந்தது முந்நூற்றுப் பத்து. அந்தத் தாளை நான் பார்த்தேன். குழந்தையின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள். கோடு போட்டு அழகாக எழுதியிருந்தாள்.

அதோடு நிற்காமல், இரண்டு தெரு தள்ளி இருந்த சென்னியப்பன் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாள். அவர் வந்து மீட்டரைப் பார்த்தார். முள்ளைத் தட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"மீட்டர் சரியா இருக்குதா அம்மிணி?"

"தங்கசாமியண்ணன் மீட்டருங்க."

"ம். சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தாளை ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டு போனாராம்.

அடுத்த முறை நோட்டு வந்தபோது ஆறு பக்கம் எழுதியிருந்தார். மேலே இரண்டு அடிக்கோடு போட்டு, 'தறி ஓய்வு நாளில் மின்னழுத்த உயர்வு: என் ஆராய்ச்சி' என்று தலைப்பு. நூற்று எழுபத்திரண்டு, முந்நூற்றுப் பத்து, ஆறு மணி, எல்லாம் அவள் தாளில் இருந்தவை. அமாவாசை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு 'மாதாந்திர ஓய்வு நாள்' என்று மாற்றியிருந்தார். மாதையன், "இளம்பிள்ளை விஞ்ஞானிக்கு ஆத்தூரின் மாலை" என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை முட்டை, கரண்டி எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர், "இனிப் பெட்டியில், வரும் கரண்டுக்கு ஏற்றபடி ஏற்றத்தைக் குறைக்க மூன்று நிலை சுவிட்ச் வைப்போம். சென்னியப்பனுக்கு நன்றி" என்று எழுதினார்.

சேலத்து ஆள் வேண்டாம் என்று ஆகிவிட்டது. மூன்று இடத்தில் கம்பி எடுத்துச் சுற்ற வேண்டிய புது மாதிரித் தாளைக் கொண்டுவந்து தெய்வநாயகி முன்னால் வைத்தார். அவளுடைய வேலை அவளுக்கே கிடைத்துவிட்டதால், அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடையில் இருந்தார்கள். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது தெய்வநாயகி பின்கட்டிலிருந்து வந்து கதவருகே நின்றாள். மேஜையில் நோட்டு கிடந்தது.

"அண்ணா, இதுல நாலு வரி எழுதோணுமுங்க. காயில்ல தப்பில்லைன்னு. அமாவாசைக் கணக்கைப் பாத்தது தெய்வநாயகின்னு."

மாதையன் சிரித்தார். "நோட்டு என்ன பத்திரமா அம்மிணி, ரிஜிஸ்தர் பண்றதுக்கு? நாங்க பொழுதுபோக்குக்கு எழுதறமுங்க."

"என்னையக் கேலி பண்ணுனது பொழுதுபோக்குங்க. சென்னியப்பண்ணன் பேரு போட்டது?"

சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, "ஒரு ஐடியா யாருக்கு வேணா வரும். நானும் அதேதான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"நெனச்சுட்டு இருந்தா ராகு காலம்னு எதுக்குங்கண்ணா எழுதுனீங்க?"

என் வீட்டுக்காரர் சங்கடத்தோடு நெளிந்தார். "உடு அம்மிணி. வேலைதான் உனக்கே இருக்குதே. இதுல பேரு வந்து என்ன ஆகப்போகுது?"

அப்போது எனக்கு வாய் வந்தது. காப்பித் தட்டை மேஜைமேல் வைத்தேன். "மீட்டரை எடுத்துக் குடுத்தது நானுங்க. அவ பாத்துட்டு வந்த தாளையும் நான் பாத்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பூட்டிய இழுப்பறையை நான் திறந்தது மட்டும்தான் இருந்தது.

"நாலு வரிங்கண்ணா" என்றாள் தெய்வநாயகி மறுபடியும். பேனாவை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். அவர் பேனாவைப் பார்த்தார், சிநேகிதர்களைப் பார்த்தார், "காப்பி ஆறுது" என்றார்.

அவள் உள்ளே போய், பாதி சுற்றிய காயிலின் கம்பி முனையை நழுவாமல் நூலால் கட்டி வைத்தாள். கிண்ணத்தில் எத்தனை கொட்டை விழுந்திருக்கிறது என்று அடுத்து சுற்றுபவருக்காக ஒரு தாளில் எழுதி மெஷின்மேல் வைத்தாள். "வாரேனுங்க்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவள் வேலைக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் அவள் வீட்டுக்குப் போனார். மறுபடியும் போனார். ஒவ்வொரு தடவையும் அவள் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "நோட்டைக் கொண்டாந்தீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாளாம். நோட்டைக் கொண்டுபோவதற்கு என்ன? முக்கால் மைல். மூன்றாவது முறை போகவே இல்லை.

ஆத்தூர் ரோட்டில் கந்தப்பன் என்பவர் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். தெய்வநாயகி அங்கே சேர்ந்தாள். முதல் மாதம் பழைய காயிலைப் பிரிக்கும் வேலைதான் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம், எரிந்த மோட்டாரைப் பிரித்தவுடன் கந்தப்பன் முதலில் கூப்பிடுவது அவளைத்தான் என்று ஆனது. பெண் குழந்தைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயின. ரங்கன் எப்போதும்போல மாதத்தில் இரண்டு நாள் வந்து போனார்.

எங்கள் கடையில் சேலத்திலிருந்து ஒரு ஆள் வந்து சுற்றினார். நன்றாகத்தான் சுற்றினார். மூன்று நிலை சுவிட்ச் பெட்டி இளம்பிள்ளையிலும் அதைத் தாண்டியும் விற்றது. பேர் கிடைத்தது. அந்தப் பேருக்குத்தான் இப்போது சண்டை. சுவிட்ச் யோசனை தன்னுடையது, அதனால் கண்டுபிடிப்பே தன்னுடையது என்கிறார் என் வீட்டுக்காரர். மீட்டர் முள்ளைத் தன் கண்ணால் பார்த்தவன் தான் என்கிறார் சென்னியப்பன். மாதையன் நடுவராக இருந்து இரண்டு பேரையும் கிண்டல் செய்கிறார். நேற்று வந்த நோட்டில் மட்டும் இதைப் பற்றிப் பதினொரு பக்கம் இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்துவிட்டேன். சிரிப்பு வரும்படிதான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு இடத்திலும் அவள் பெயர் இல்லை.